ஒரே ஃபைலில் இரண்டு பெயர்

மும்பையில் முப்பது வருஷத்துக்கு மேலாக மனநல மருத்துவம் பார்த்து வருகிறேன். சங்க மலர் என்றால் கம்பனைப் பற்றி எழுதுவார்கள், சோழர் கடல் வணிகத்தைப் பற்றி எழுதுவார்கள். அதன் நடுவே ஒரு வைத்தியன் நுழைந்து நோயைப் பற்றி எழுதுவது கல்யாண விருந்தில் கஷாயம் பரிமாறுகிற மாதிரிதான். ஆனாலும் நம்மவர் குடும்பங்கள் ஆஸ்பத்திரி ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், போன வருஷம் பார்த்தவர் பைபோலார்னு எழுதினார். இப்ப பார்க்கிறவர் பி.டி.எஸ்.டி.ன்னு எழுதியிருக்கார். ரெண்டுல எது நிஜம்?"

இரண்டில் ஒன்று மட்டும் உண்மையாக இருக்கலாம். இரண்டுமே உண்மையாகவும் இருக்கலாம். எது என்று தீர்மானிப்பது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. ஒரு நோய்க்கு முதல் மருந்தாகக் கொடுக்கப்படுவது, இன்னொரு நோய் உள்ளவரைத் தூக்கிக் கவிழ்த்துவிடக்கூடும். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

முதலில் பைபோலார். தமிழில் இருமுனை மனநிலைக் கோளாறு என்கிறார்கள். ஒரு முனையில் மேனியா: குறைந்தது ஒரு வாரமாவது மனசு ஏறி நிற்கும். பேச்சு நிற்காது, பணம் தண்ணீராய் ஓடும், இரண்டு மணி நேரத் தூக்கமே போதும் என்றிருக்கும், தன்னால் ஆகாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு வரும். சிலருக்குச் சந்தோஷத்துக்குப் பதில் எரிச்சலும் ஆத்திரமும்தான் மேலே தெரியும். மறு முனையில் ஆழ்ந்த மனச்சோர்வு. இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கில்கூட, ஆள் சாதாரணமாக இருப்பார். இப்படி வந்து வந்து போவதுதான் இந்த நோயின் அடையாளம். எமில் கிரேப்லின் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1899-இல் இதற்கு 'மேனிக்-டிப்ரசிவ்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். அதற்கு முன்பே நம் ஊர்களில் அமாவாசை, பௌர்ணமியோடு முடிச்சுப் போட்டு இதைப் பேசியிருக்கிறார்கள். 2015-16-இல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் இந்நோய் கண்டவர்கள் ஏறக்குறைய 200 பேரில் ஒருவர். சிகிச்சை பெறாதவர்கள் சுமார் 70 சதவீதம்.

பி.டி.எஸ்.டி. என்பது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய். முதல் உலகப் போரில் இதையொத்த நிலையை 'ஷெல் ஷாக்' என்றார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்காகப் பலர் போராடிய பிறகு, 1980-இல்தான் இன்றைய பெயரோடு மருத்துவக் கையேட்டில் ஏறியது. போருக்குப் போனவர்களுக்கு மட்டும் வருவதல்ல. விபத்து, குண்டுவெடிப்பு, வெள்ளம், கலவரம், பாலியல் வன்முறை, சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே பட்ட அடி, எதுவும் காரணமாகலாம். நடந்தது நினைவாக இல்லாமல், இப்போதுதான் நடப்பது போலத் திரும்பத் திரும்ப வரும். கெட்ட கனவு வரும். அந்த இடத்தை, அந்தப் பேச்சையே ஒதுக்கத் தோன்றும். குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப் போடும். மனசு மரத்துப்போகும், யார் மேலும் நம்பிக்கை வராது. ஒரு மாதம் தாண்டியும் இது நீடித்தால்தான் அந்தப் பெயர். அதற்கு முன் இருப்பது பெரும்பாலும் இயல்பான பதற்றம், தானாக அடங்கிவிடுவதும் உண்டு.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தூக்கமின்மை இரண்டிலும் உண்டு. எரிச்சல், கோபம் இரண்டிலும் உண்டு. கவனம் சிதறுவது, குடி, வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவது, சாகலாமா என்ற எண்ணம், எல்லாமே இரண்டிலும் உண்டு. பத்து நிமிஷம் பார்த்து மருந்து எழுதுகிற அவசர ஓ.பி.டி.யில் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

குழப்பம் எப்படி ஆபத்தாகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி, இரண்டு மூன்று குடும்பங்களின் கதையை ஒன்றாக்கித்தான் சொல்கிறேன்.

2006 ஜூலை 11 மாலையை மும்பைக்காரர்கள் மறக்க முடியாது. மேற்கு ரயில்வேயின் லோக்கல் வண்டிகளில் அடுத்தடுத்து 7 குண்டுகள் வெடித்து 180 பேருக்கு மேல் இறந்தார்கள். சர்ச்கேட்டிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த நம்மூர்க்காரர் ஒருவர் பக்கத்துப் பெட்டியில் இருந்தார். உடம்பில் கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ரயில் ஏற முடியவில்லை, ராத்திரி அலறி எழுந்தார், பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தார். பக்கத்துக் கிளினிக் டாக்டர் சரியாகவே யோசித்தார், இது குண்டுவெடிப்பின் பாதிப்பு என்று. செர்ட்ராலின் எழுதினார். பி.டி.எஸ்.டி.க்கு அது உலகம் முழுக்க ஏற்கப்பட்ட முதல் வரிசை மருந்துகளில் ஒன்றுதான். அவர்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

மூன்றாவது வாரம் மனுஷன் உற்சாகமாகிவிட்டார். "குணமாயிட்டார்!" என்று வீட்டில் கோயிலுக்கு அபிஷேகம் செய்தார்கள். நாலாவது வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு ஊர் உறவுகளுக்கெல்லாம் போன் போட்டுப் பேசினார். ஐந்தாவது வாரம் ஆபீஸ் பி.எஃப். பணத்தை எடுத்து, உல்ஹாஸ்நகரில் பாக்டரி தொடங்கப் போவதாக யாருக்கோ முன்பணம் கொடுத்துவிட்டார். அது குணமல்ல, மேனியா.

என்னிடம் வந்தபோது ஊரிலிருந்து வந்திருந்த அவர் அம்மாவும் கூட இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். அதுவரை பார்த்த டாக்டர்களிடமெல்லாம் மருமகள்தான் இந்தியில் பேசியிருக்கிறார். அம்மா ஓரமாக உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தமிழில் கேட்டேன். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "காலேஜ் படிக்கையிலயே ஒருவாட்டி இப்படி வந்துச்சு டாக்டர். பதினஞ்சு நாளு தூங்கல. காத்து கருப்புன்னு மந்திரிச்சோம், சரியாயிட்டு. பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு சொல்லல." அவருடைய தம்பி ஒருவரும் அப்படித்தான் 'ஏறி இறங்கி' இருந்தாராம்.

ஆக, ஃபைலில் இரண்டு பெயரும் எழுத வேண்டியிருந்தது. குண்டுவெடிப்பு கொடுத்த காயம் நிஜம். அதற்குப் பல வருஷம் முன்பே உடம்பில் இருந்த பைபோலாரும் நிஜம். மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் பைபோலார் உள்ள சிலருக்கு மனநிலை இப்படி மேலே பாய்ந்துவிடும். இந்த ஒரு தகவல் முதல் நாளே தெரிந்திருந்தால் முதலில் மனநிலையை நிலைப்படுத்தும் மருந்தைக் கொடுத்திருப்பார்கள். பி.எஃப். பணமும் தப்பியிருக்கும்.

குடும்பத்தார் வீட்டிலேயே கவனிக்கக்கூடிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது என்றால் அது தூக்கம். 'தூங்கவில்லை' என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கு எதுவும் விளங்காது. மேனியாவில் இருப்பவருக்குத் தூக்கம் தேவைப்படவே இல்லை. மூன்று மணிக்கு எழுந்து பரண் மேல் இருப்பதையெல்லாம் இறக்கி அடுக்குவார், காலையில் அலுப்பே தெரியாது. பி.டி.எஸ்.டி. உள்ளவருக்குத் தூக்கம் வேண்டும், ஏங்குவார், ஆனால் கண்ணை மூடப் பயம். கனவு வரும், விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மறுநாள் துவண்டு கிடப்பார். கோபத்திலும் இப்படி ஒரு வித்தியாசம் தெரியும். பி.டி.எஸ்.டி.யில் பெரும்பாலும் ஏதோ ஒன்று கிளப்பிவிடும்: பட்டாசு, கூட்டம், யாரோ பின்னாலிருந்து தொட்டது. கிளப்பியது விலகினால் கொஞ்சம் தணியும். மேனியாவில் காரணம் தேடினாலும் கிடைக்காது. நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஒரே சுருதியில் ஓடும். இது நூற்றுக்கு நூறு பிரித்துக் காட்டும் சோதனை அல்ல. இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டும் கலந்தே தெரியும்.

சேர்ந்து வருவது எத்தனை பேருக்கு? பைபோலார் உள்ளவர்களில் பி.டி.எஸ்.டி.யும் இருப்பவர்கள் என்று ஆய்வுகள் சொல்லும் எண்ணிக்கை 4 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் வரை போகிறது. யாரைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இத்தனை அகலம். எப்படிப் பார்த்தாலும் பொது மக்களைவிட அதிகம்.

ஏன் சேர்கின்றன? "அந்த விபத்தாலதான் டாக்டர் பைபோலார் வந்தது" என்று அப்பா வீட்டார் சொல்வார்கள். "அவங்க வம்சத்துலயே இருக்கு" என்று அம்மா வீட்டார் சொல்வார்கள். கிளினிக்கிலேயே இந்த வழக்கு நடந்திருக்கிறது. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள், பைபோலாரில் பரம்பரையின் பங்கு 60 முதல் 85 சதவீதம் வரை என்கின்றன. அதற்காகப் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் கட்டாயம் வரும் என்றில்லை. அந்த வாய்ப்பு 10 சதவீதத்தை ஒட்டித்தான். அதிர்ச்சி மட்டுமே தனியாக நின்று பைபோலாரை உண்டாக்கிவிடுவதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் விதைக்கு அது தண்ணீர் ஊற்றும். சிறுவயதில் கொடுமை அனுபவித்தவர்களுக்கு நோய் இளமையிலேயே தொடங்குகிறது, அடிக்கடி திரும்புகிறது, தற்கொலை முயற்சிகளும் கூடுகின்றன. 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பைபோலார் உள்ளவர்கள் சிறுவயதுத் துன்பத்தைச் சொல்வது மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. அதிலும் அடி உதையைவிட, ஓயாத வசவும் அவமானமும்தான் தூக்கலாகத் தெரிந்தது. "திட்டினா என்ன, அடிக்கவா செஞ்சோம்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா, அதனால் இதைக் குறிப்பிடுகிறேன்.

எதிர்த் திசையிலும் பாதை உண்டு. மேனியாவில் இருப்பவர் நடு இரவில் தெரியாத இடத்துக்குப் போவார், வண்டியை மோதுவார், ஏமாற்றப்படுவார். பெண்ணாக இருந்தால் வேறு ஆபத்துகளும் உண்டு. மேனியா ஒரு கட்டத்தில் அடங்கிவிடும், அந்தக் காலத்தில் நடந்தது மனசில் தங்கிவிடும். நாலு பேர் அமுக்கிப் பிடித்து ஊசி போட்டதும், போலீஸ் ஜீப்பில் ஏற்றியதும், கட்டிலோடு கட்டியதுமே சிலருக்கு அதிர்ச்சியாகிவிடுகிறது. அப்புறம் ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே உடம்பு நடுங்கும். வீட்டில் "மருந்து சாப்பிட அடம் பிடிக்கிறான்" என்பார்கள். அடமல்ல, பயம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டார்கள். வெளி மாநிலங்களிலிருந்தும் உறவினர்கள் கொண்டுபோய் விட்டுவரும் இடம் அது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியில் கட்டுவதையும், மயக்க மருந்து கொடுக்காமல் மின்அதிர்வு சிகிச்சை செய்வதையும் தடை செய்துவிட்டது. முறையாக மயக்கம் கொடுத்துச் செய்யும் மின்அதிர்வு சிகிச்சை வேறு விஷயம். சினிமாவில் காட்டுவதை வைத்து அதைக் கண்டு மிரள வேண்டாம்.

பைபோலாருக்கு இன்றும் முதன்மையான மருந்து லித்தியம். அதன் கதையில் போரும் சிறையும் கலந்திருக்கின்றன. சாங்கி என்றால் நமக்கு சிங்கப்பூர் விமான நிலையம்தான் ஞாபகம் வரும். இரண்டாம் உலகப் போரில் அங்கே ஜப்பானியர்களின் போர்க்கைதி முகாம் இருந்தது. ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1942 முதல் 1945 வரை மூன்றரை வருஷம் அதில் கைதி. விடுதலையாகி மெல்பர்ன் திரும்பியவர், புந்தூராவில் முன்னாள் சிப்பாய்களுக்கான மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். மேனியாவுக்கு உடம்பில் ஊறும் ஏதோ ஒரு நச்சுப்பொருள் காரணமாக இருக்கும் என்று நினைத்து, நோயாளிகளின் சிறுநீரை கினிப் பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். அந்த ஊகம் தவறு. ஆனால் அந்தச் சோதனைக்காகச் சேர்த்த லித்தியம் உப்பு பிராணிகளைச் சாந்தப்படுத்துவதைக் கவனித்துவிட்டார். முதலில் தானே சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு 1948-இல் நோயாளிகளுக்குக் கொடுத்து, 10 மேனியா நோயாளிகளின் அனுபவத்தை 1949 செப்டம்பரில் வெளியிட்டார். பல வருஷம் அடங்காத முதல் நோயாளி சில மாதத்தில் வீட்டுக்கே போனார்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த முதல் நோயாளி 1950-இல் லித்தியம் நஞ்சாகியே இறந்தார். இரத்தத்தில் எவ்வளவு லித்தியம் இருக்கிறது என்று அளந்து மருந்து கொடுக்கும் வழக்கம் அப்போது ஏற்பட்டிருக்கவில்லை. இன்றைக்கு அளக்கிறோம். லிட்டருக்கு 0.6-இலிருந்து 1.0 மில்லிமோல் வரை பொதுவாக இருக்க வேண்டிய அளவு. 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து: கை பலமாக நடுங்கும், வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடும். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் இரத்தம் கொடுக்க வேண்டும். தைராய்டையும் சிறுநீரகத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். நம் வீட்டுப் பழக்கங்களில் சில இந்த அளவைக் குலைக்கும். தண்ணீர்கூடக் குடிக்காமல் சஷ்டி விரதம் இருப்பது, பி.பி.க்காகத் திடீரென்று உப்பை நிறுத்துவது, மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடுவது, மே மாத வெயிலில் வியர்த்துக் கொட்ட ஊருக்குப் பயணம் போவது, எல்லாமே லித்தியத்தை இரத்தத்தில் ஏற்றிவிடும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போடலாம். விரதம் இருந்தே ஆக வேண்டும் என்றால் முன்கூட்டி டாக்டரிடம் பேசுங்கள். சாமி கோபிக்காது.

இரண்டு நோயும் சேர்ந்திருந்தால் பொதுவாக முதலில் மனநிலையைச் சமநிலைக்குக் கொண்டுவருவோம். லித்தியம், வால்ப்ரோயேட், க்வெட்டியாபின் போன்றவற்றில் எது பொருந்துகிறதோ அது. கல்யாண வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட் எழுதினால் ஏன் என்று அவசியம் கேளுங்கள், கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும். அது நிலைப்பட்ட பிறகு அதிர்ச்சிக்கான பேச்சு சிகிச்சை. நடந்ததைப் பாதுகாப்பான சூழலில், படிப்படியாக, பழகிய ஒருவரோடு மீண்டும் நெருங்குவது என்று எளிமையாகச் சொல்லலாம். பைபோலார் உள்ளவர்களுக்கு இதைச் செய்யலாமா என்று முன்பு தயங்கினார்கள். மனநிலை அடங்கியிருக்கும்போது செய்தால் பலரும் தாங்கிக்கொள்கிறார்கள் என்றுதான் இதுவரை நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன, அவை சிறியவை என்றாலும். பயத்துக்கு என்று அல்ப்ரசோலாம் அட்டையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் பழகுவதுதான் எனக்குப் பெரிய கவலை. பி.டி.எஸ்.டி.யை அது தீர்ப்பதில்லை, விட முடியாத பழக்கமாகிவிடும்.

கடைசியாக மொழி. ஊரில் இருப்பவர்களுக்கு இல்லாத தொல்லை இது. 'மனசு பதறுது', 'நெஞ்சு படபடங்குது', 'உள்ளுக்குள்ள எரியுது', இதையெல்லாம் இந்தியிலோ மராத்தியிலோ சொல்லும்போது எல்லாம் சேர்ந்து 'டென்ஷன்' என்ற ஒரே சொல்லாகிவிடுகிறது. மொழிபெயர்ப்பது பெரும்பாலும் வீட்டில் இந்தி நன்றாகத் தெரிந்த பிள்ளை. தன் அம்மாவுக்குச் சின்ன வயதில் நடந்ததைப் பன்னிரண்டு வயதுப் பையன் டாக்டரிடம் எப்படிச் சொல்வான்? அம்மாதான் அவன் முன்னால் எப்படிச் சொல்வார்? பிள்ளைகளை அதற்கு அழைத்துப் போகாதீர்கள். தமிழ் தெரிந்த செவிலியர் வார்டில் யாராவது இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் அம்மாவோ மாமாவோ தமிழிலேயே ஒரு தாளில் எழுதட்டும், நம்பிக்கையான ஒருவர் மொழிபெயர்க்கட்டும். எந்த வயதில் முதல் தடவை தூக்கம் போனது, எத்தனை நாள் நீடித்தது, மறுநாள் அலுப்பு இருந்ததா, குடும்பத்தில் வேறு யாருக்கு, எந்த மருந்து சாப்பிட்டபோது நிலைமை மோசமானது. நடந்த அதிர்ச்சியைப் பற்றி 'ஒன்று நடந்தது, இந்த வருஷம்' என்ற அளவு போதும். விவரத்தை அவரே, அவர் விரும்பும்போது சொல்லட்டும். சம்பந்தம் பேசும் வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது வேறு விவாதம், டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசிச் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, மொழியைத் தேர்ந்தெடுக்கலாம், தமிழும் இருக்கிறது. யாராவது சாகப் போவதாகப் பேசினால் அந்த எண்ணோடு நிறுத்திவிடாமல், அன்றைக்கே பக்கத்து அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பழைய ஃபைல்களையும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மறக்காமல் கையோடு கொண்டு போங்கள்.